அம்மாவின் வயிற்றில் பாலிப், ஸ்கோப் வழியாகவே எடுக்கலாமாம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

செம்பனை மகள், சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

அம்மாவுக்கு 59 வயது. சிறு வயதிலிருந்தே தோட்டத்து வேலைதான். முதலில் பால்மரம் வெட்டினார், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார், மூன்று வருடத்துக்கு முன்னால்தான் வேலையை விட்டார். இனிப்புநீர் உண்டு, அதற்கு மாத்திரை. அதோடு ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு கார்டிப்ரின், ஆஸ்பிரின் வகை மாத்திரை. மற்றபடி உட்காரத் தெரியாத மனுஷி.

போன வருடத்திலிருந்து ஆள் வாடிப்போனார். கோயில் படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும், துணி காயப்போட்டுவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார். வயிற்றில் எரிச்சல் என்று பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம், ஒவ்வொரு தடவையும் கேஸ்ட்ரிக் என்று சொல்லி வெள்ளை மருந்தும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் இப்படியே போனது, ஒரு தடவைகூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. அரிசி களையும்போது பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். முன்பெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. ஐஸ்பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடிப்பார். நாங்கள் சின்னப் பிள்ளை மாதிரி செய்கிறாயே என்று சிரித்திருக்கிறோம்.

கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீருக்குப் போன இடத்தில் அங்கிருந்த டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 7.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள், அப்புறம் ஈப்போவில் ஸ்கோப், அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய், போட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் கீழ்ப்பகுதியில் 2 செண்டிமீட்டர் அளவில் ஒரு பாலிப், உள்தோலில் முளைத்த சதை வளர்ச்சி, குட்டைத் தண்டோடு, மேல்தோல் சிவந்து புண்ணாகி இருக்கிறதாம். ரத்தம் அதிலிருந்துதான் கசிகிறது என்று நினைக்கிறார்கள். சதை கிள்ளி எடுத்துப் பார்த்ததில் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கோப் போட்டு முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இங்கேதான் சண்டை. புற்றுநோய் இல்லை என்றால் அதை ஏன் தொட வேண்டும் என்று அப்பா கேட்கிறார். "கத்தி பட்டா பரவிடும்" என்று பிடிவாதமாக நிற்கிறார், பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் கட்டி கரைய நாட்டு மருந்து தருகிறேன் என்கிறார். கையெழுத்துப் போடும் தாள் மலாயில் இருக்கிறது, அம்மா மலாய் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஒன்றும் புரியாத தாளில் எப்படிக் கைநாட்டு வைப்பது என்று அவருக்கே பயம்.

எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், அப்புறம் சாப்பிட முடியுமா?


ஏழாங்கட்டை:

தங்கச்சி, எனக்கே எடுத்திருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன்னால். என்னுடையது ஒன்றரை செண்டிமீட்டர். தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள், கையில் ஊசி போட்டார்கள், பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. வயிறு மட்டும் காற்று அடைத்த பந்து மாதிரி இருந்தது, நாலைந்து ஏப்பம் விட்டதும் சரியாகிவிட்டது. வெளியில் ஒரு தையல்கூட இல்லை. அதனால் அப்பா நினைக்கிற மாதிரி வயிற்றைக் கிழிக்கிற வேலை இது இல்லை, முதலில் அதை அவருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு நடந்த ஒரு கெடுதியையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது என்ன பார்க்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்ததோடு சரி. நானும் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பு. சாப்பாட்டில் ஏதோ என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் குளியலறையில் மயங்கி விழுந்தேன், நல்ல வேளை வீட்டில் மனைவி இருந்தாள். மறுபடியும் ஸ்கோப், எடுத்த இடத்தில் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டேன். கறுப்பு என்றால் ரத்தம் என்று ஒரே ஒரு வார்த்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் காலையிலேயே போயிருப்பேன்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எடுங்கள். எடுத்த பிறகு இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.


பழைய மிஸ்ஸி:

செம்பனை மகளே, நான் ஓய்வு பெற்ற தாதி. கடைசிப் பல வருடங்கள் ஸ்கோப் அறையில்தான் வேலை, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தப் பச்சை அரிசி. அதைப் படித்ததும் எனக்கு மனம் கலங்கிவிட்டது. இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு இப்படித்தான் ஆகும், அரிசி, ஐஸ், சாம்பல், மண் என்று எதையாவது மெல்லத் தோன்றும். சிரித்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம், யாருக்கும் தெரியாது. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் ஒரு பெண், அதுவும் மாதவிலக்கு நின்றுபோன பெண், திடீரென்று அரிசி மென்றால், ஐஸ் கடித்தால், படி ஏற மூச்சு வாங்கினால், வயசு என்று விடாதீர்கள். ரத்தம் எங்கேயோ போகிறது. அது எங்கே என்று தேட வேண்டும். அந்த வயதில் வெறும் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம்தான்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. புற்றுநோய் இல்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும்? இதற்கு மூன்று காரணம் இருக்கிறது. ரத்தம் கசிகிறது, இரண்டு பை ஏற்றியதில் எச்பி சுமார் இரண்டு புள்ளி ஏறியிருக்கும், ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் எத்தனை நாளைக்கு? அடுத்தது, பயாப்சி என்று கிள்ளியது எள்ளு அளவு சதை. 2 செண்டிமீட்டர் கட்டியில் அந்த எள்ளு எந்த மூலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பதில். ஹைப்பர்பிளாஸ்டிக் வகை பெரும்பாலும் சாதுவானதுதான், ஆனால் 1 செண்டிமீட்டரைத் தாண்டியதில் எப்போதாவது உள்ளே ஒரு மூலையில் செல்கள் கெட ஆரம்பித்திருக்கும், முழுதாக எடுத்து அறுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். மூன்றாவது, வயிற்றின் கீழ்வாசலுக்குப் பக்கத்தில் தண்டோடு தொங்குவது சில சமயம் சிறுகுடல் பக்கம் நழுவிப்போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அப்போது சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்பதை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஜனங்கள் முற்றிப்போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் மூடி அனுப்புவார்கள், இரண்டு மாதத்தில் ஆள் போய்விடுவார். பார்த்தவர்களுக்குக் கத்திதான் காரணம் என்று பட்டுவிட்டது. கத்திக்கு முன்பே அது பரவியிருந்தது. அப்பாவிடம் சண்டை போடாமல் இதை அப்படியே சொல்லுங்கள். அவர் பார்த்தது பொய் இல்லை, காரணம்தான் வேறு.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் தெரியாததால்தான் பாதிப் பயம்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்போம். தொண்டை மரக்க ஸ்பிரே, தூக்கத்துக்குக் கையில் ஊசி. விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம், மூச்சும் நாடியும் பார்க்க, அதனால் நகப்பூச்சு வேண்டாம். பொய்ப்பல் இருந்தால் கழற்ற வேண்டும். தொடையில் ஈரப்பசை உள்ள ஒரு தகடு ஒட்டுவோம், மின்சாரம் வைத்து வெட்டுவதால் அது திரும்பிப் போக வழி அதுதான். இதனாலேயே உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பார்கள், தாலியையும் கழற்றச் சொல்வார்கள். இது நம் அம்மாமார்களுக்குப் பெரிய விஷயம். வாசலில் நின்று அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், ஸ்கோப்புக்கு அழவில்லை, தாலிக்கு அழுதார்கள். முதல் நாளே வீட்டில் சாமி கும்பிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு கட்டிப் போட்டு அழைத்து வாருங்கள். கயிற்றுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஸ்கோப் சுண்டு விரல் தடிமன் இருக்கும். அதன் நடுவில் ஒரு சின்னக் குழாய் ஓடுகிறது, கருவிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். தட்டையான பாலிப் என்றால் அடியில் ஊசி குத்தி உப்புநீரைச் செலுத்துவார்கள், அதில் நீலச் சாயமும் துளி அட்ரினலினும் கலந்திருக்கும். வேகும் ஆப்பத்தின் நடு மாதிரி அந்த இடம் மெல்ல உப்பி எழும்பும். எதற்கென்றால், வெட்டும் சூடு அடியிலுள்ள தசைக்குப் போகாமல் அந்த நீர் நடுவில் மெத்தையாக நிற்கும். உங்கள் அம்மாவுடையது மாதிரி தண்டு இருந்தால் தண்டின் அடியில் ஊசி போட்டோ, நைலான் வளையத்தைச் சுருக்குப் போட்டு இறுக்கியோ ரத்த ஓட்டத்தை முதலில் அடக்குவார்கள். அப்புறம் கம்பி வளையம். ஆட்டுக்குக் கழுத்தில் சுருக்குப் போடுவது மாதிரி பாலிப்பின் மேல் வளையத்தைப் போட்டு மெதுவாக இறுக்கி, மின்சாரம் விட்டால் தண்டு வெளுத்து அறுந்துவிடும். நான் நின்று அந்தக் கைப்பிடியை இறுக்கியிருக்கிறேன், டாக்டர் "மெதுவா, மெதுவா" என்பார். அவசரப்பட்டு இறுக்கினால் ரத்தம் வரும், அறுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடு ஆழமாகப் போகும். கை பழக வேண்டிய வேலை. அறுந்ததை வலையில் பிடித்து வெளியே எடுத்து, மருந்துப் புட்டியில் போட்டு லேபுக்கு அனுப்புவோம். தேவைப்பட்டால் எடுத்த இடத்தில் கிளிப். அது பிறகு தானாக விழுந்து வெளியே போய்விடும், ஆனால் சில வாரங்களுக்குள் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் கிளிப் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

வலிக்குமா என்று கேட்டீர்கள். வயிற்றின் உள்தோலுக்கு வெட்டும் வலி தெரியாது. காற்று ஊதுவதால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தம் வரலாம், உடனேயோ, ஏழாங்கட்டை தம்பிக்கு வந்த மாதிரி நாள் கழித்தோ. அதைவிட மிகக் குறைவாக, வயிற்றில் ஓட்டை விழலாம், அப்போது தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, தாமதிக்காமல் வந்தால்.

கார்டிப்ரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விழுங்கவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதை நிறுத்தினால் ரத்தம் உறைந்து ஆளே போய்விடலாம், வெறும் முன்னெச்சரிக்கைக்குச் சாப்பிடுபவருக்கு டாக்டர் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். அதேபோல இனிப்புநீர் மாத்திரை. வெறும் வயிற்றில் வரும் நாளில் காலையில் போடுவதா வேண்டாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூட்டு வலிக்குப் பொன்ஸ்டன் வாங்கிப் போடும் பழக்கம் அம்மாவுக்கு உண்டா? பழம் பொறுக்கியவர்களுக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. உண்டு என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது வயிற்றைப் புண்ணாக்கும்.

கையெழுத்துத் தாள் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். "எங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ டாக்டரோ வார்டில் யாராவது இருப்பார்கள். புரிந்த பிறகுதான் கைநாட்டு. அது அவர் உரிமை.

இன்னும் ஒன்று: எச் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? ரிப்போர்ட்டில் தேடுங்கள். இந்த வகை பாலிப் பெரும்பாலும் நாள்பட்ட வயிற்று அழற்சியின் மேல்தான் முளைக்கும், அந்த அழற்சிக்குப் பல பேருக்கு அந்தக் கிருமிதான் காரணம். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இது அதிகம் என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பாலிப்பை எடுத்துவிட்டுக் கிருமியை விட்டால் களையை அறுத்துவிட்டு வேரை விட்ட கதைதான்.


வாய்க்கால் மேடு:

தலைப்பைப் பார்த்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கும் பாலிப்தான், ஆனால் எடுக்கவில்லை. எட்டு வருடமாக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஸ்கோப்பில் மேல்பகுதியில் பத்துப் பதினைந்து சின்னச் சின்னதாக, மிளகு அளவில். ஃபண்டிக் கிளாண்ட் பாலிப் என்றார்கள். இந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வருவதுதான், சாது, மாத்திரை உண்மையாகவே தேவையா என்று பார்ப்போம் என்று சொல்லிக் குறைத்துவிட்டார்கள். அதனால் பாலிப் என்ற ஒரே சொல்லைக் கேட்டு எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டாம், எந்த வகை, எத்தனை, எவ்வளவு பெரிது என்று கேளுங்கள்.


பழைய மிஸ்ஸி:

வாய்க்கால் மேடு சொல்வது சரி. ஒரு திருத்தம் மட்டும்: அந்த வகையே இளவயதில் நூற்றுக்கணக்கில் இருந்தால் பெருங்குடலையும் பார்க்க வேண்டும், சில குடும்பங்களில் பரம்பரையாக ஓடும் நோய் ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் வயதுக்கும் மாத்திரைக்கும் அது பொருந்தாது, கவலை வேண்டாம். நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா என்ற வகை ரிப்போர்ட்டில் வந்தால் சின்னதாக இருந்தாலும் விடக் கூடாது, எடுத்துவிட வேண்டும்.


லயத்து அண்ணன்:

தங்கச்சி, நாட்டு மருந்து பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நாங்கள் செய்தோம்.

என் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. பயாப்சியில் ஒன்றும் இல்லை, சாதாரணத் தோல் என்று வந்தது. சரி, ஒன்றும் இல்லை என்றுதானே சொல்லிவிட்டார்கள் என்று கட்டி கரைக்கும் பொடி வாங்கி ஒரு வருடம் கொடுத்தோம். பொடி சாப்பிட்ட மாதங்களில் முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது, பசி நன்றாக எடுத்தது, மருந்து பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் ஒரு டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார், என்ன பொடி சாப்பிடுகிறீர்கள் என்று. இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அடிக்கடி பிடிபடுகிறதாம், சுகாதார அமைச்சே எச்சரிக்கை விடுகிறதாம்.

கட்டி இருந்தது தோலில் இல்லை, தோலுக்கு அடியில், தசைப் படலத்தில். மேலே கிள்ளினால் தோல்தான் வரும், கட்டி வராது. ஸ்கோப்பின் நுனியிலேயே ஸ்கேன் இருக்கும் கருவியை விட்டுப் பார்த்துத்தான் எந்தப் படலத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், ஊசி போட்டு உள்ளிருந்து சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ஜிஸ்ட் என்று வந்தது, வயிற்றுச் சுவருக்குள் வளரும் ஒரு வகைக் கட்டி. அதை இந்தக் கம்பி வளையத்தில் எடுக்க முடியாதாம், ஆபரேஷன் செய்துதான் எடுத்தோம். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வருடம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

உங்கள் அம்மாவுக்கு மேலேயே இருக்கிறது, தண்டோடு இருக்கிறது, என்ன வகை என்றும் தெரிந்துவிட்டது. இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும். பக்கத்து வீட்டு ஐயாவுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஈப்போவுக்குக் கிளம்புங்கள்.


செம்பனை மகள், சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முற்றிப்போய் வந்தவர்களைப் பற்றிய இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய அண்ணன் அப்படித்தான் இறந்தாராம், எனக்கு இத்தனை நாள் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "எத்தனாந் தேதி?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் எதுவும் இல்லை, அதனால் கார்டிப்ரினை ஒரு வாரம் முன்னதாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பொன்ஸ்டன் விஷயம் உண்மை, பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு அட்டை வைத்திருந்தார். கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அப்பா அதை நம்பவில்லை, வயிற்று அமிலத்தில் இரும்பே கரையும் என்பார்கள், கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்கிறார்.


பழைய மிஸ்ஸி:

அப்பா கேட்டதையேதான் ஒரு காலத்தில் டாக்டர்களும் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் யாரும் நம்பவில்லை என்று 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு அழன்றுபோய்க் காட்டினார். 2005ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொள்கிறது, வயிற்றுச் சளிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது, அப்படித்தான் பிழைக்கிறது.


செம்பனை மகள், சுங்கை சிப்புட்:

முடிந்தது! நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முந்தின இரவு அம்மா சாமி அறையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார், அப்பாதான் முடிச்சுப் போட்டார். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு முன்பே வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். தமிழ் பேசும் ஒரு இளம் டாக்டர் வந்து தாளை வரி வரியாகச் சொன்னார், ரத்தம் வரலாம், ஓட்டை விழலாம், அப்படி ஆனால் என்ன செய்வோம் என்பதுவரை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார்! தான் பக்கத்தில் நிற்பேன், செய்வது பெரிய டாக்டர் என்று அவர் சொன்னதும்தான் பெருவிரலை நீட்டினார்.

உள்ளே போய் வெளியே வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவின் தாலிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த டாக்டர் புட்டியைக் காட்டினார். சிவப்பும் வெள்ளையுமாக, சின்ன ரம்புத்தான் கொட்டை அளவில் ஒன்று மிதந்தது. இதற்கா இத்தனை ரத்தம் என்று இருந்தது. இரண்டு கிளிப் போட்டிருக்கிறார்கள். அன்று தண்ணீர் மட்டும், மறுநாள் கஞ்சி, பிறகு மெதுவாகக் குழைந்த சோறு. இரண்டு இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஏழாங்கட்டை அண்ணன் சொன்னதை மறக்கவில்லை. கிளம்பும்போது நானே கேட்டேன், எதைப் பார்க்க வேண்டும், ராத்திரி ஆனால் எங்கே வர வேண்டும் என்று. தாளில் எழுதி வாங்கி ஐஸ்பெட்டி மேல் ஒட்டியிருக்கிறேன். ஒரு குழப்பம் மட்டும். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதனாலும் கறுப்பாகத்தானே போகும், எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?


பழைய மிஸ்ஸி:

நல்ல கேள்வி. இரும்பு மாத்திரையால் வருவது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். ரத்தம் என்றால் தார் மாதிரி பளபளத்து ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, நாற்றம் ஒரு மாதிரி, ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதோடு தலைசுற்றல், வியர்வை, படபடப்பு சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சந்தேகம் என்றாலும் போங்கள், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதானே. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு கொடுத்தால் நல்லது.


செம்பனை மகள், சுங்கை சிப்புட்:

ஏழு வாரம் ஆகிறது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது: ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், முழுதாக எடுக்கப்பட்டுள்ளது, உள்ளே எந்த மூலையிலும் கெட்ட செல் இல்லை. கிருமிக்கு 14 நாள் மருந்து சாப்பிட்டார், வாயெல்லாம் கசக்கிறது, இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்று தினம் புலம்பினார், நான் ஒரு வேளைகூட விடவில்லை. எச்பி 11.1. நேற்று அரிசி களைந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன், ஒரு மணிகூட வாய்க்குப் போகவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கிருமி போய்விட்டதா என்று மூச்சு ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறுவதற்கான ஒமெப்ரசோல் மாத்திரையை இன்னும் ஒரு வாரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையைப் பரிசோதனை வரை தொடர்ந்து கொடுக்கலாமா?


பழைய மிஸ்ஸி:

கொடுக்காதீர்கள். ஒமெப்ரசோல் நிறுத்திக் குறைந்தது 2 வாரம், கிருமி மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் ஆன பிறகுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும். இடையில் எரிச்சல் வந்தால் என்ன கொடுக்கலாம் என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அன்று காலை வெறும் வயிற்றில் அழைத்துப் போங்கள், பசியாறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவையும் அப்பாவையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.